வெற்றி என்று பெயர் வைத்த கப்பல்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். இந்த வருஷம் எங்கே போவது? ஐந்து பேர் ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு வாங்கினால் சேமிப்பில் பாதி கரைந்துவிடும். காரில் நெடுந்தூரம் போகலாம் என்றால் வயதான பெற்றோர்களால் அவ்வளவு நேரம் உட்கார முடிவதில்லை. இந்த இக்கட்டில் பலருடைய பார்வையும் உல்லாசக் கப்பல்களின் மேல் விழுகிறது. ஒரு தடவை பணம் கட்டினால் போதும். அறை, சாப்பாடு, நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். தினம் ஒரு ஊரில் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் தொல்லையும் இல்லை. தாத்தா சாய்வு நாற்காலியில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேரக் குழந்தைகள் தண்ணீரில் கும்மாளம் போடுவார்கள். அடுப்படியிலிருந்து அம்மாவுக்கு நாலு நாள் விடுதலை.

இந்த ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. பெரும்பாலான கப்பல் பயணங்கள் குறைவின்றியே முடிகின்றன. ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால், 2013-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மெக்ஸிகோ வளைகுடாவில் நடந்த ஒரு சம்பவத்தை அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. ஊர் போலப் பெரிதாக இருக்கும் ஒரு கப்பல் எதை நம்பி ஓடுகிறது, அது நின்றுபோனால் பணம் கொடுத்தவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை அந்தச் சம்பவத்தைப் போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் நெட்ஃபிளிக்ஸ் இதைப் பற்றி ஓர் ஆவணப் படம் வெளியிட்ட பிறகு, மறந்திருந்தவர்களும் மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

நாலு நாள் பயணம்

கப்பலின் பெயர் கார்னிவல் டிரையம்ஃப். டிரையம்ஃப் என்றால் வெற்றி. 1999-ல் ஓடத் தொடங்கிய கப்பல். நீளம் 893 அடி. கொள்ளளவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். 2013 பிப்ரவரி 7-ந் தேதி, வியாழக்கிழமை, டெக்ஸாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மெக்ஸிகோவின் கோஸுமெல் தீவைத் தொட்டுவிட்டுத் திங்கட்கிழமை திரும்பி வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பலில் 3,143 பிரயாணிகள், 1,086 சிப்பந்திகள்.

கோஸுமெல்லைப் பார்த்தாயிற்று. திரும்பும் வழி. 10-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பின்பக்கத்து எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. தானாக இயங்கும் தீயணைப்பு ஏற்பாடு வேலை செய்து தீயை அணைத்துவிட்டது. ஓர் உயிருக்கும் சேதமில்லை. அந்த மட்டில் அது பெரிய பாக்கியம். ஆனால் மின்சாரத்தைக் கப்பலெங்கும் கொண்டு செல்லும் ஏற்பாடு பழுதாகிவிட்டது. யுகடான் தீபகற்பத்துக்கு வடக்கே சுமார் 150 மைல் தொலைவில், வெற்றி என்ற பெயருடைய கப்பல் விறகுக்கட்டை போல மிதக்கலாயிற்று.

தீக்குக் காரணம் என்ன? ஆறாம் எண் ஜெனரேட்டரிலிருந்து எண்ணெயைத் திருப்பிக் கொண்டு செல்லும் வளையும் குழாய் ஒன்றில் ஏற்பட்ட கசிவு என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணையில் தெரிந்தது. எண்ணெய் கசிந்து சூடான பரப்பின் மேல் பட்டால் பற்றிக்கொள்வது இயற்கை. இத்தகைய குழாய்களைக் கவனிக்கும்படி தீ விபத்துக்கு முன்பே நிறுவனத்திலிருந்து கப்பல்களுக்கு எச்சரிக்கை போயிருந்தது என்பது பிற்பாடு வழக்கு ஆவணங்களில் வெளிப்பட்டது.

எல்லாம் மின்சாரம்

வீட்டில் மின்சாரம் நின்றால் ஜன்னலைத் திறக்கலாம். கிணற்றிலோ தெருக் குழாயிலோ தண்ணீர் பிடிக்கலாம். விறகு மூட்டிச் சமைக்கலாம். நம் ஊரில் மின்வெட்டுக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம். பெரிய கப்பலில் அந்த வழியெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது.

கப்பலைத் தள்ளும் சக்தியே மின்சாரந்தான். ஜெனரேட்டர்கள் மின்சாரத்தை உண்டாக்க, அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் கப்பலைத் தள்ளுகிறது. குளிர்சாதனம், சமையலறை அடுப்பு, குளிர்பதனக் கிடங்கு, மின்தூக்கி, கடல் நீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதே ஊற்று. உட்புற அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. விளக்கு அணைந்தால் பட்டப்பகலும் நள்ளிரவுதான்.

கழிப்பறை சமாசாரம் இன்னும் மோசம். வீட்டில் உள்ளதுபோல மேலிருந்து தண்ணீர் விழுந்து தள்ளிக்கொண்டு போவதில்லை. விமானத்தில் உள்ளதுபோலக் காற்றை உறிஞ்சிக் கழிவை இழுக்கும் ஏற்பாடு அது. உறிஞ்சும் பம்பு நின்றால் மூவாயிரம் பேருடைய கழிப்பறைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

அவசரத்துக்கென்று தனி ஜெனரேட்டர் வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது, டிரையம்ஃபிலும் இருந்தது. ஆனால் இந்த ஜெனரேட்டரின் வேலை வேறு. அவசர விளக்குகள், செய்தித் தொடர்பு, தீயணைப்பு முதலியவற்றைப் பிரயாணிகள் கப்பலில் 36 மணி நேரம் நடத்த வேண்டும் என்பதே விதியின் கணக்கு. சௌகரியம் அந்தக் கணக்கில் வராது. உயிரைக் காப்பது வேறு, மனிதனை மனிதனாக வைத்திருப்பது வேறு என்பதை டிரையம்ஃபில் இருந்தவர்கள் அந்த வாரத்தில் தெரிந்துகொண்டார்கள்.

எட்டாத கரை

முதலில் மெக்ஸிகோவின் புரோகிரெஸோ துறைமுகத்துக்கு இழுத்துச் செல்வதாகத்தான் திட்டம். ஆனால் இழுவைக் கப்பல் வந்து சேர்வதற்குள், நீரோட்டம் டிரையம்ஃபை சுமார் 90 மைல் வடக்கே தள்ளிவிட்டிருந்தது. பிரயாணிகளில் நூற்றுக்கணக்கானவர்களிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணமாகையால், அமெரிக்கப் பிரஜைகள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டியே ஏறிவிட முடிந்தது. மெக்ஸிகோவில் இறங்கினால் அவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்புவது பெரும் சிக்கல். ஆகவே அலபாமா மாநிலத்து மொபீல் துறைமுகத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆமை வேகத்தில் இழுவை தொடங்கியது.

அந்த நாட்களில் கப்பலுக்குள் நடந்ததைப் பிரயாணிகள் பிறகு பத்திரிகைகளிடம் விவரித்தார்கள். அறைகளில் புழுக்கம் தாங்காமல் மெத்தைகளை மேல்தளத்துக்கு இழுத்து வந்து போட்டார்கள். படுக்கை விரிப்புகளைக் கட்டிக் கூடாரம் அமைத்துக்கொண்டார்கள். உணவுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கிடைத்தது ஆறிய பண்டங்கள். சிலருக்கு வெங்காயம் வைத்த ரொட்டி. கழிவைக் கட்டிப் போடச் சிவப்புப் பிளாஸ்டிக் பைகள் கொடுக்கப்பட்டன. கப்பல் சாய்ந்தபோது சில தளங்களில் கழிவு நீர் வழிந்து தரைவிரிப்புகள் ஊறிப்போயின. இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை. வாசிக்கிறவர்களே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதே நிறுவனத்தின் வேறு கப்பல்கள் அருகில் வந்து உணவுப் பொருள்களைக் கொடுத்துச் சென்றன. சிறுநீரகச் சிகிச்சை தேவைப்பட்ட ஒரு பிரயாணி அவற்றில் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். கப்பல்கள் பக்கத்தில் நின்ற சிறிது நேரம் அவற்றின் தொலைபேசித் தொடர்பைப் பிடித்து, வீட்டாருடன் இரண்டு வார்த்தை பேசியவர்கள் பலர். கரையிலிருந்தவர்கள் தொலைக்காட்சியில் ஹெலிகாப்டர் காட்டிய படத்தைப் பார்த்துத்தான் தங்கள் மனிதர்களின் நிலையை ஊகித்தார்கள்.

வியாழக்கிழமை, 14-ந் தேதி, கரை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் இழுவை வடம் அறுந்தது. வேறு வடம் கட்டி இழுத்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கப்பல் மொபீலைத் தொட்டது. எல்லாரும் இறங்கி முடிக்க நள்ளிரவு தாண்டியது. அங்கிருந்து சுமார் நூறு பஸ்களில் நியூ ஆர்லியன்ஸுக்கும் டெக்ஸாஸுக்கும் புறப்பட்டார்கள். அந்தப் பஸ்களில் ஒன்று நடுவழியில் நின்றுபோயிற்று. துரத்துகிற கிரகம் கப்பலோடு நிற்காது போலும்!

சிப்பந்திகள்

இந்தக் கதையில் மறக்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு. உணவையும் கழிப்பறையையும் நிறுவனத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டிய பிரயாணிகளும், சிப்பந்திகளைப் பற்றிக் கேட்டபோது கைகூப்பாத குறையாகப் புகழ்ந்தார்கள். நாற்றத்தில் நின்று, பைகளைச் சுமந்து, தரையைத் துடைத்து, வசவுக்கும் புன்னகையால் பதில் சொன்னவர்கள் அவர்கள். உல்லாசக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் மிகப் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். பிரயாணிகளுக்கு அது கெட்டுப்போன விடுமுறை. சிப்பந்திகளுக்கு விடுமுறையே இல்லை. பிரயாணிகளின் அறைக்கும் கீழே, அதே புழுக்கத்தில்தான் அவர்களும் படுக்க வேண்டியிருந்தது. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டின் பின்பக்கம்

பிரயாணிகளுக்கு என்ன கிடைத்தது? கட்டிய பணம் முழுவதும் திரும்பியது. போக்குவரத்துச் செலவு கொடுக்கப்பட்டது. கட்டிய தொகைக்குச் சமமாக மறு பயணத்துக்கு வரவு வைக்கப்பட்டது. அதற்கு மேல் தலைக்கு 500 டாலர். நிறுவனத்தின் தலைவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். இவை போதாது என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். அங்கேதான் சீட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்து எழுந்து நின்றது. பத்திரமான பயணம், கடலோடத் தகுதியான கப்பல், போதுமான நல்ல உணவு, சுகாதாரமான இடம் ஆகிய எதற்கும் சீட்டு ஒப்பந்தம் உறுதி தரவில்லை என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வாதித்தார்கள். விளம்பரப் படத்தில் வாழையிலை விரித்தவர்கள், நீதிமன்றத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டார்கள்.

இந்தப் பொடி எழுத்துக்குச் சட்டத்தில் பலம் உண்டு. 1991-ம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே நிறுவனத்தின் வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லியது. வட மேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒரு கப்பலில் போனபோது மனைவி வழுக்கி விழுந்து அடிபட்டார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். சீட்டில் அச்சிட்டபடி ஃபிளாரிடா மாநிலத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காயம் பட்டதற்கான வழக்கை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதும் சீட்டுகளில் வழக்கமாகக் காணும் நிபந்தனை. கப்பலின் கொடியும் கவனிக்கத்தக்கது. டெக்ஸாஸில் புறப்பட்டு டெக்ஸாஸுக்குத் திரும்பும் டிரையம்ஃப் பஹாமாஸ் நாட்டில் பதிவான கப்பல்.

முதல் தடவை அல்ல

இது எங்கோ ஒரு தடவை நேர்ந்த துரதிருஷ்டம் என்று ஒதுக்கவும் முடியாது. 2010 நவம்பரில் இதே நிறுவனத்தின் ஸ்பிளெண்டர் என்ற கப்பல் மெக்ஸிகோவின் பசிபிக் கரையோரம் எஞ்சின் அறைத் தீயால் மின்சாரமிழந்து நின்றது. அமெரிக்கக் கடற்படையின் ரொனால்டு ரீகன் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்கள் உணவு கொண்டுபோய்க் கொடுத்தன. இழுவைக் கப்பல்கள் அதை ஸான் டியாகோவுக்கு இழுத்து வந்தன. 2012 பிப்ரவரியில் இந்தியப் பெருங்கடலில், அதே குழுமத்தைச் சேர்ந்த கோஸ்டா அலெக்ரா அவ்வாறே தீயால் நின்று, ஒரு பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல் இழுத்துக்கொண்டு வர, ஸெஷல்ஸ் தீவுகளைச் சேர்ந்தது.

மூன்றிலும் உயிர்ச்சேதமில்லை, மூன்றிலும் தீ அணைந்தது, மூன்றிலும் கப்பல் செத்துக் கிடந்தது. ஓர் எஞ்சின் அறை போனாலும் மற்றொன்றின் பலத்தால் கரை சேரும்படி கப்பலைக் கட்ட வேண்டும் என்ற சர்வதேச விதி ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் அது 2010 ஜூலை 1-ந் தேதிக்குப் பின் கட்டத் தொடங்கிய பெரிய பிரயாணிகள் கப்பல்களுக்கே பொருந்தும். அதற்கு முன் கட்டியவை விதிக்கு வெளியே. அவற்றில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டிரையம்ஃப் சம்பவத்தால் நன்மையும் சிறிது விளைந்தது. 2013 ஏப்ரலில் கார்னிவல் நிறுவனம் தன் கப்பல்களின் அவசர மின்சாரத்தையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் பலப்படுத்த 30 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. அடுத்த மாதம் உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் பிரயாணிகளுக்கான பத்து உரிமைகளை ஏற்றுக்கொண்டது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் உணவு, நீர், கழிப்பறை முதலியவை கொடுக்க முடியாவிட்டால் இறங்கிப் போகும் உரிமை, இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம், நடுவில் முடிந்தால் ஒரு பகுதி, திரும்பும் போக்குவரத்து, தேவையானால் தங்குமிடம் ஆகியவை அவற்றில் சில. நடுக்கடலில் மிதக்கும் கப்பலில் முதல் உரிமை உதவாது என்பது சொல்லாமலே விளங்கும்.

கப்பலைப் பழுது பார்த்து அதே ஆண்டு ஜூனில் மறுபடி ஓட்டினார்கள். 2019-ல் அதைப் புதுப்பித்து, சன்ரைஸ், அதாவது சூரியோதயம், என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பெயரை மாற்றினால் பழையதை மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை மனிதருக்கு மட்டும் உரியதல்ல போலும்.

புறப்படுமுன்

உல்லாசக் கப்பலில் போக எண்ணும் அன்பர்கள் சில காரியங்களை முன்னதாகவே செய்துகொள்ளலாம்.

கப்பல் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று கேளுங்கள். எத்தனை நீச்சல் குளம், எத்தனை சினிமா என்று கேட்பவர்கள் பலர். இதைக் கேட்பவர்கள் சிலரே.

எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்துச் செல்லுங்கள். வேண்டியதில்லை என்று விளம்பரம் சொன்னாலும் கப்பல் எங்கே ஒதுங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் மறக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களை அழைத்துச் சென்றால், கப்பல் தொடும் நாடுகளுக்கு விசா வேண்டுமா, திரும்பி நுழைய அவர்களுடைய விசா செல்லுமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

மருந்துகளைக் கைப்பையில், திரும்பும் தேதிக்கு மேல் ஒரு வாரத்துக்காவது போதுமானபடி வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் பயணம் எட்டு நாளாக நீண்டதை மேலே பார்த்தோம். இன்ஸுலின் போன்ற குளிரில் வைக்கும் மருந்துக்கு, குளிர்பெட்டி நின்றால் என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டு வையுங்கள். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் கப்பல் இருக்கும்போது மெடிக்கேர் வைத்தியச் செலவை ஏற்காது. ஆகவே பெரியவர்களுக்குத் தனியாகப் பயண இன்ஷூரன்ஸ் எடுப்பது அவசியம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சமையலறை ஓடும்வரை கேட்டதெல்லாம் கிடைக்கும். நின்றுவிட்டால் கிடைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் செய்த பண்டங்களைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலங்களை அனுமதிக்கிறார்கள். அவல், கடலை, பிஸ்கட் என்று சில பொட்டலங்கள் பெட்டியில் இருந்தால் பாரமாகிவிடாது. ஒரு சிறிய கைவிளக்கும் இருக்கட்டும்.

கடைசியாக, சீட்டு ஒப்பந்தத்தை முழுவதும் வாசியுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லலாம். பத்திரம் படிக்கும் பழக்கம் அவர்களுக்கும் வரட்டும். எங்கே வழக்குப் போடலாம், எத்தனை நாளுக்குள், எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று நிறுவனம் சொல்கிறது என்பதைக் கப்பலேறிய பின் அறிவதைவிட வீட்டில் அறிவது மேல். பயணம் நன்றாக முடிந்து இறங்கும்போது, தினமும் அறையைத் துடைத்துப் படுக்கை விரித்தவரின் பெயரைக் கேட்டு, அவர் கையில் நாலு டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். மின்சாரம் நின்றுபோகும் நாளில் கப்பலில் நிற்காமல் வேலை செய்பவர் அவர் ஒருவர்தான்.